அண்ணனுக்கும் தங்கைக்கும் எழுதிய பத்திரங்கள்

அப்பா உயில் எழுதாமல் இறந்தார். கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிச் சேர்த்த பணத்தில் மடுவின்கரையில் அரை கிரவுண்டு வாங்கி, கீழே நாங்கள் இருக்க ஒரு வீடும் மாடியில் வாடகைக்கு ஒரு போர்ஷனும் கட்டியவர். பிள்ளைகள் மூன்று பேர். அண்ணன் குடிக்கு அடிமை. தங்கைக்குக் கல்லூரி முடிக்கும் வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. நடுவில் நான். உயில் பேச்சை எடுத்தாலே அம்மா, "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று எழுந்து போய்விடுவார். அப்பாவும், "நீ இருக்கேல்ல, பாத்துக்க மாட்டியா?" என்று என்னிடம் சொல்லி முடித்துவிடுவார்.

அவர் எழுதாததைச் சட்டம் எழுதியது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பாகம். எங்கள் வீட்டில் ஆளுக்குக் கால் பங்கு. பழைய இந்து சட்டத்தில், பிறவியிலேயே சித்த சுவாதீனம் இல்லாதவரைப் பங்கிலிருந்து விலக்கிவைக்கும் விதி இருந்தது. 1956 சட்டத்தின் 28-ஆவது பிரிவு, நோயோ ஊனமோ காரணமாக யாருடைய வாரிசுரிமையும் போகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் தங்கையின் பங்கை யாரும் தட்டிப் பறிக்க முடியாது. அதே சட்டம் அண்ணன் கையிலும் எந்த நிபந்தனையும் இல்லாமல் கால் பங்கைக் கொடுத்தது. 2016-இல் மெட்ரோ வந்த பிறகு கிண்டியில் நிலம் விற்கும் விலை சென்னைக்காரர்களுக்குத் தெரியும். குடிக்கக் காசு தேடி அலையும் ஒருவர் கையில் அந்த நிலத்தின் கால் பாகம்.

இத்தனை வருஷம் பட்டதில் நான் தெரிந்துகொண்டது இதுதான். இப்படிப்பட்ட குடும்பத்தில் சொத்தின் சொந்தத்தையும் அனுபவத்தையும் பிரித்து எழுத வேண்டும். நோய் உள்ள பிள்ளைக்குக் கூரையும் சாப்பாடும் மருந்தும் ஆயுள் முழுவதும் கிடைக்க வேண்டும்; விற்கிற, அடகு வைக்கிற அதிகாரம் வேறு பொறுப்பான கையில் இருக்க வேண்டும். கோபத்தில் "அவனுக்கு ஒன்றும் கிடையாது" என்று எழுதுவதும் சரியில்லை, பாசத்தில் மொத்தத்தையும் கையில் தூக்கிக் கொடுப்பதும் சரியில்லை.

அப்பா இறந்து வருஷம் திரும்புவதற்குள் ஒரு புரோக்கர் வாசலில் வந்து நின்றார். கையில் ஓர் ஒப்பந்தம். அண்ணன் தன்னுடைய பிரிபடாத பாகத்தை விற்கச் சம்மதித்து முன்பணம் வாங்கிக்கொண்டதாக எழுதியிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அண்ணன் கையெழுத்து. முதல் பக்கத்தில் வழக்கமான அழகான கையெழுத்து. அடுத்த பக்கத்தில் இனிஷியல் இல்லை. கடைசிப் பக்கத்தில் பேனா கோட்டை விட்டு இறங்கி, சாட்சியின் பெயர் மேலேயே ஏறியிருந்தது. ஒரு மாலை நேரத்தில் அவர் எந்த நிலையில் உட்கார்ந்து இதைப் போட்டிருப்பார் என்று அந்தக் காகிதத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எழுதியிருந்த முன்பணத்தில் பாதிகூட அவர் கைக்கு வரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

சைதாப்பேட்டை கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் ஒரு வக்கீலம்மா அந்தக் காகிதத்தைப் பொறுமையாகப் படித்துவிட்டு எங்களுக்குத் தைரியம் சொன்னார். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவே, விதிகளைப் புரிந்துகொள்ள முடியாத அளவுக்குக் குடித்திருப்பவர் அந்த நேரத்தில் ஒப்பந்தம் செய்ய முடியாது என்பதை உதாரணமாகக் காட்டுகிறது. நிரூபிப்பதுதான் கஷ்டம். அதைவிட உறுதியான பிடி வேறு இருக்கிறது. கூட்டு வாரிசு ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்க முனைந்தால், மற்ற வாரிசுகள் முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவில் உண்டு. அப்படியும் வெளியார் வாங்கிவிட்டால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவின்படி, குடும்பம் வாழும் வீட்டுக்குள் வந்து கூட்டாக உட்கார அவருக்கு உரிமை கிடையாது. பாகப் பிரிவினை கேட்டு அவர் வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டுப் பாகப் பிரிவினைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின் கீழ், கோர்ட் நிர்ணயிக்கும் விலைக்கு நாமே அந்தப் பங்கைத் திரும்ப வாங்கலாம். புரோக்கர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். "பங்கை வாங்கிட்டோம், நாளைக்கே குடி வருவோம்" என்ற மிரட்டலில் எத்தனையோ குடும்பங்கள் அடிமாட்டு விலைக்கு வீட்டையே கொடுத்துவிட்டுப் போயிருக்கின்றன.

நாங்கள் அண்ணனின் பங்கை வாங்கிக்கொண்டோம். அதை எப்படிச் செய்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நிறையப் பேர் கேட்பது இதைத்தான்.

முதலில் அண்ணனை இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனையில் சேர்த்தோம். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அமைப்பு அது. அங்கே நோயாளிக்கு மட்டுமின்றி வீட்டாருக்கும் தனியாக வகுப்பு உண்டு. அம்மா முதலில் வர மறுத்தார். வந்த பிறகு, அண்ணன் கடனை அடைத்து அடைத்தே அவர் குடிக்கு நாங்கள் துணைபோய்க்கொண்டிருந்தோம் என்பது அவருக்கே விளங்கியது. பத்திரப் பேச்சை அண்ணன் தெளிந்து, நிதானத்துக்கு வரும்வரை எடுக்கவில்லை. அவருக்குத் தனி வக்கீல் வைத்தோம். எங்கள் வக்கீலே இரண்டு பக்கமும் பார்த்திருந்தால், நாளைக்கு அண்ணியோ அவர் மகனோ "ஏமாத்தி எழுதி வாங்கிட்டாங்க" என்று சொன்னால் பதில் இருந்திருக்காது. பதிவுக்குக் காலை முதல் டோக்கன் எடுத்தோம். முதல் நாள் டாக்டர் பார்த்து, தெளிவான நிலையில் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்ததைப் பத்திரத்தோடு பத்திரமாக வைத்திருக்கிறோம்.

அண்ணன் தன் பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரத்துக்கான தொகை அவர் கையில் ரொக்கமாகப் போகவில்லை. கடன்காரர்களுக்கு நேரடியாகக் கொடுத்து ரசீது வாங்கினோம். ஒரு பகுதி மகன் படிப்புக்காக அண்ணி பெயரில் போனது. மீதி முழுவதும் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் ஆனுவிட்டி திட்டம் ஒன்றில். மாதாமாதம் பென்ஷன் மாதிரி அண்ணன் கணக்கில் வரும். நடுவில் சரண்டர் செய்து எடுக்க முடியாத ஆப்ஷனாகப் பார்த்துச் சேர்த்தோம். வட்டி விகிதம் குறைவு என்று உறவில் சிலர் குறை சொன்னார்கள். மொத்தமாக உடைத்தெடுக்க முடியாத பணம் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். பத்திரத்திலேயே, கீழ் வீட்டின் முன்னறையில் அண்ணன் ஆயுள் உள்ளவரை குடியிருக்கலாம் என்று ஒரு ஷரத்து. அதைப் படித்துக் காட்டியபோதுதான் அண்ணன் முகம் இளகியது. "தெருவுல விட்டுருவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

கிண்டியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குதிரைப் பந்தயத்தில் கரைந்த வீடுகள் புதிதல்ல. ரேஸ் கோர்ஸை அரசு 2024 செப்டம்பரில் பூட்டி நிலத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் சூதாட்டம் அதற்கு வெகு முன்பே கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. பணம் கட்டி விளையாடும் ஆட்டங்களை 2025-இல் மத்திய அரசு தடை செய்திருந்தாலும், அந்தப் பழக்கம் பிடித்தவர் வீட்டில் இருந்தால் மேலே சொன்ன முறை அங்கேயும் பொருந்தும்: கையில் மொத்தப் பணம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாத வருமானம் போதும்.

தங்கை விஷயம் முற்றிலும் வேறு. அவள் பணத்தை விரயம் செய்கிறவள் அல்ல. அவளைச் சுற்றியிருப்பவர்கள் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. வங்கியில் ஒருமுறை அவள் மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, "கார்டியன் யாரு, அவங்க கையெழுத்துப் போடட்டும்" என்றார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 3-ஆவது பிரிவில் இதற்குப் பதில் வைத்திருக்கிறது: ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், தகுதியுள்ள நீதிமன்றம் அப்படி அறிவித்தால்தான் உண்டு. அந்தப் பக்கத்தை அச்செடுத்து இன்றும் அவள் பாஸ்புக் உறைக்குள் வைத்திருக்கிறேன். குடி, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைக் கோளாறுகளையும் அந்தச் சட்டம் மனநோய் என்றே கணக்கில் கொள்கிறது.

கார்டியன் என்று பேச ஆரம்பித்தால் குழப்பம் அதிகம். ராஜாஜி சாலையில் உள்ள கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் பாதுகாவலர் சான்று கிடைக்கும் என்று ஒருவர் சொல்லிப் போனேன். அது 1999-ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு மட்டும். மனச்சிதைவு அதில் வராது. மனநலச் சட்டத்தில் 'நியமனப் பிரதிநிதி' என்று ஒருவரைக் குறிப்பிடலாம், அதைத் தங்கையே வெள்ளைத் தாளில் எழுதி என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அது சிகிச்சை சம்பந்தமான முடிவுகளுக்குத்தான். சொத்துக்கும் வங்கிக்கும் செல்லாது. 1987-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் சொத்தைப் பார்த்துக்கொள்ள கோர்ட் மேலாளரை நியமிக்க வழி இருந்தது. புதிய சட்டம் அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' உண்டு. அதுவும் முடிந்தவரை அவரோடு சேர்ந்து முடிவெடுப்பதற்கே.

பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனியுங்கள். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி அந்தப் பவர் அன்றே முடிந்துவிடும். எந்த நாளுக்காக வாங்கி வைத்தோமோ அந்த நாளில் அது செல்லாது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கணவர் கோமாவில். சிகிச்சைச் செலவுக்கு அவர் பெயரில் உள்ள சொத்தை விற்க மனைவி அனுமதி கேட்டார். தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி அமர்வுதான் மனைவியையே பாதுகாவலராக நியமித்து அனுமதி கொடுத்தது. பிள்ளைகள் எல்லாம் ஒத்துப்போயும் அந்தக் குடும்பம் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. நோய் வந்த பிறகு கோர்ட்டில் கேட்பதைவிட முன்கூட்டியே எழுதி வைப்பது எவ்வளவோ சுலபம்.

ஆகவே அம்மா உயில் எழுதினார். பேச்சை எடுத்தால் எழுந்து போனவரை மாற்றியது வக்கீலோ நானோ அல்ல. 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் போல மனச்சிதைவு நோய்க்கென்றே உள்ள அமைப்புகள் சென்னையில் இருப்பதால், எங்களைப் போன்ற குடும்பங்கள் ஒருவரையொருவர் சந்திக்க முடிகிறது. அப்படி ஒரு கூட்டத்தில் எண்பது வயதைத் தொட்ட ஒரு அம்மா, "எனக்கப்புறம் இவன யாரு பாத்துக்குவாங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு அழுதார். அன்று வீடு திரும்பும்போது அம்மாவே, "அந்த வக்கீலம்மாவ வரச் சொல்லு" என்றார்.

உயிலில் "என் மகள் விற்கக் கூடாது" என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்றுதான் நாங்களும் முதலில் எண்ணினோம். முழு உரிமையையும் கொடுத்துவிட்டு விற்கவே கூடாது என்று தடை போட்டால் அந்தத் தடை செல்லாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 10-ஆவது பிரிவில் உள்ள அதே கொள்கைதான். வழி வேறு. அம்மாவின் பங்கு உயில் வழியாக ஒரு டிரஸ்டுக்குப் போகிறது. தங்கைக்கு அதில் ஆயுள் அனுபவம் மட்டும்: குடியிருப்பு, மாடி வாடகையிலிருந்து மருந்து, சாப்பாடு, துணி, டாக்டர் செலவு. அவள் காலத்துக்குப் பிறகு பேரப்பிள்ளைகளுக்கு. டிரஸ்டிகள் நானும் சித்தப்பா மகனும். எங்களுக்குப் பிறகு யார் என்று அடுத்த இருவரின் பெயரும் உண்டு. ஒரே ஒரு டிரஸ்டியை மட்டும் எழுதாதீர்கள். அவருக்கும் வயதாகும், அவருக்கும் ஆசை வரலாம். வருஷத்துக்கு ஒருமுறை கணக்கைத் தங்கைக்கும் அண்ணனுக்கும் எழுத்தில் காட்ட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்னார். செலவைப் பெரும்பாலும் மருந்துக் கடைக்கும் மருத்துவமனைக்கும் நேரடியாகக் கட்ட டிரஸ்டிகளுக்கு அதிகாரம் இருக்கிறது. மகளுக்கோ மனைவிக்கோ ஆயுள் உரிமை எழுதும்போது வாசகத்தில் கூடுதல் கவனம் தேவை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவால் அது முழு உரிமையாக மாறுமா என்று வழக்குகள் நடப்பதுண்டு. வக்கீலிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள். உயிலில் ஏற்படுத்தும் டிரஸ்டுக்கும் உயிரோடு இருக்கும்போதே ஏற்படுத்துவதற்கும் வருமான வரி வேறுபடும், அதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

உயிலின் மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "குடிகார மகன்", "பைத்தியம் பிடித்த மகள்" என்றெல்லாம் எழுதிய உயில்களைப் பார்த்திருக்கிறேன். பதிவான ஆவணம் தலைமுறைகளுக்கு நிற்கும். தன்னைப் பற்றி அம்மா கடைசியாக எழுதியது அதுதான் என்று அந்தப் பிள்ளை படிப்பான். தவிர, "புத்தி சுவாதீனம் இல்லாதவள்" என்று நாமே எழுதிவிட்டால், நாளைக்கு அவள் போடும் ஒவ்வொரு கையெழுத்தையும் மறுக்க மற்றவர்களுக்கு அதுவே சாட்சி. எங்கள் உயிலில் "மருத்துவ உதவி தேவைப்படும் என் மகள்" என்று மட்டும் இருக்கிறது.

உயிலுக்குச் சாட்சி இரண்டு பேர் வேண்டும். எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக, உயிலில் பலன் பெறாதவர்களாகப் பாருங்கள்; ஒருவர் குடும்ப டாக்டராக இருந்தால் மிக நல்லது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் எங்கள் மாதிரி வீடுகளில் பதிவு செய்துவிடுங்கள். சென்னைச் சொத்து பற்றிய உயிலுக்கு உயர் நீதிமன்றத்தில் புரோபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) வாங்கியே ஆக வேண்டும் என்றிருந்த, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆவது பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. கட்டாயம் இல்லாவிட்டாலும், சண்டை வரக்கூடிய குடும்பம் என்றால் புரோபேட் வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

செட்டில்மென்ட் பத்திரம் எழுதும் ஆசை நம் ஊரில் அதிகம், குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தாள் செலவு குறைவு என்பதால். குடியில் இருக்கும் பிள்ளைக்கு அதைச் செய்யாதீர்கள். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் எழுதியது எழுதியதுதான். மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவைக் காட்டி ஆர்.டி.ஓ.விடம் ரத்து கேட்கலாம். அதற்கும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். வங்கி நாமினியையும் சரிபாருங்கள். நாமினி சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார், ஆனால் பணம் முதலில் அவர் கைக்குத்தான் போகும். அரசு வேலையில் இருந்தவர்கள், சம்பாதிக்க முடியாத அளவுக்கு மனநோய் உள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும் வழி இருப்பதால், தாங்கள் இருக்கும்போதே அலுவலகத்தில் மருத்துவச் சான்றோடு பெயரைச் சேர்த்துவிடுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் அப்போதே.

தங்கையும் உயில் எழுதியிருக்கிறாள். அவள் பங்கு அவளுடையது என்பதால் அவளைக் கேட்கச் சொன்னது வக்கீலம்மாதான். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு, மனநோய் உள்ளவரும் மனம் தெளிவாக இருக்கும் காலத்தில் உயில் எழுதலாம் என்கிறது. அவளுடைய மனநல மருத்துவர் அவளிடம் தனியாகப் பேசி, என்ன செய்கிறோம் என்று அவளுக்குத் தெரிகிறது என எழுதிக் கொடுத்தார். அவள் சொல்லச் சொல்ல வக்கீலம்மா எழுதினார். கால் பங்கு என் மகளுக்கு. தையல் மெஷின், அவள் போகும் பகல் நேர மையத்தில் கூடவே உட்கார்ந்து தைக்கும் தோழிக்கு; மோட்டார் போட்டது என்பதைக் குறிப்பிடச் சொன்னாள். பீரோவில் உள்ள அப்பாவின் வாட்ச் அண்ணனுக்கு, "வித்துட மாட்டேன்னு சொன்னா மட்டும்" என்றாள். அது சட்டப்படி நிற்காது என்று வக்கீலம்மா விளக்கினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அப்படியே குடுத்துடுங்க" என்றாள்.

நோய் உள்ளவரை அறைக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு அவருக்காகப் பத்திரம் எழுதாதீர்கள். கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மாவட்டம்தோறும் அதன் கிளைகள் உண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே சட்ட உதவி இலவசம்.